ஹெரால்டின் குரல்

1959 ஏப்ரலில் இங்கிலாந்தில் ட்ரையம்ப் ஹெரால்டு என்ற பெயரில் வெளிவந்து, 1961 முதல் சென்னையை அடுத்த வண்டலூர்ப் பக்கத்தில் ஸ்டாண்டர்டு ஹெரால்டாகத் தயாரான அந்தச் சிறிய கார், இத்தாலியரான ஜியோவானி மிச்செலோட்டி வகுத்துக் கொடுத்த ரூபலாவண்யத்துக்காகவும், ஏறக்குறைய 25 அடி வட்டத்துக்குள்ளேயே திரும்பிவிடும் லாகவத்துக்காகவும் இன்றும் ரஸிகர்களால் கொண்டாடப்படுகிறது. அந்தக் காரின் ஹாரன் ஊமையாகிப் போகும்போது, தேர்ந்த எலெக்ட்ரீஷியன் ஒருவர் அதை மறுபடி பேச வைப்பதை அருகே நின்று பார்ப்பது, என் அபிப்பிராயத்தில், இவ்விரண்டுக்கும் குறையாத ரஸானுபவம்.

ஹாரனின் அமைப்பே ஒரு சூக்ஷ்மமான யுக்தி. உள்ளே ஒரு கம்பிச் சுருள். அதன் எதிரே, மெல்லிய எஃகுத் தகட்டோடு பிணைந்த இரும்புத் துண்டு. மின்சாரம் பாய்ந்ததும் சுருள் காந்தமாகி இரும்பை இழுக்க, இழுபட்ட இரும்பு, மின்சாரம் கடந்துவரும் பாயிண்டுகள் என்ற தொடுமுனைகளைப் பிரித்து, தன்னை இழுத்த மின்சாரத்தின் வழியையே அடைத்துவிட, காந்தம் மறைந்து தகடு பழைய நிலைக்கு மீள, பாயிண்டுகள் கூடி மீண்டும் இழுப்பு தொடங்க, இவ்விதம் வினாடிக்குச் சில நூறு முறை நிகழும் அதிர்வே நம் காதில் நாதமாக விழுகிறது.

விஷயம் தெரியாதவர் ஹாரன் பேசவில்லை என்றதும் ஹாரனையே கழற்றுவார். தெரிந்தவரோ முதலில் காது கொடுக்கிறார். பொத்தானை அழுத்தும்போது ‘டக்’கென்ற சத்தமாவது கேட்டால் மின்சாரம் வந்து சேர்கிறது என்றும், கோளாறு உள்ளே பாயிண்டில் இருக்கலாம் என்றும் அவருக்குப் புரிந்துவிடுகிறது. ஒரு சத்தமும் இல்லையென்றால், முன்பக்கம் முழுவதும் ஒரே துண்டாகச் சாய்ந்து திறக்கும் அந்த விசாலமான பானெட்டைத் தூக்கி, ஹாரனிலிருந்து பொத்தானுக்குப் போகும் ஒயரின் முனையை, கையிலுள்ள துண்டு ஒயரால் சாஸியோடு தொடுகிறார். இந்தக் காரில் பொத்தான் மின்சாரத்தை அனுப்புவதில்லை. பாட்டரியிலிருந்து ஹாரன் வரை வந்து காத்திருக்கும் மின்சாரத்துக்கு எர்த், அதாவது சாஸி வழியாகத் திரும்பும் பாதை, கொடுப்பதே அதன் வேலை. ஆகவே அந்த ஸ்பரிசத்தில் ஹாரன் அலறிவிட்டால், அது நிரபராதி என்பது பிரத்தியட்சமாகிவிடுகிறது.

இனிதான் ரஸமான கட்டம். ஸ்டீயரிங் தண்டே எர்த்துக்குப் பாதையாக அமைந்த இந்தக் காரில், தண்டின் கீழே அதிர்வைத் தாங்க ரப்பர் வைத்த ஓர் இணைப்பு உண்டு. ரப்பரில் மின்சாரம் பாயாதாகையால், அதைத் தாண்டிச் செல்ல இரு புறத்தையும் இணைத்து ஒரு சிறு கம்பிப் பட்டையைப் பொருத்தியிருக்கிறார்கள். யாரோ எப்போதோ ஸ்டீயரிங் வேலை செய்துவிட்டு அந்தப் பட்டையைத் திரும்ப மாட்டாமல் விட்டிருப்பார்கள். அல்லது எண்ணெயும் புழுதியும் படிந்து, துரு ஏறி, அது இற்றுப் போயிருக்கும். எலெக்ட்ரீஷியன் டெஸ்ட் லாம்ப்பின் ஒரு முனையைப் பாட்டரியில் மாட்டி, மறு முனையால் ரப்பருக்குக் கீழே தொடுகிறார், விளக்கு பிரகாசிக்கிறது. ரப்பருக்கு மேலே இரண்டு அங்குலம் தள்ளித் தொடுகிறார், இருள். வியாதியின் ஸ்தானம் அந்த இரண்டு அங்குலத்துக்குள் அகப்பட்டுவிட்டது!

சக்கரத்தைத் திருப்பும்போது மட்டும் தானாகக் கத்துகிற ஹாரன் இதற்கு நேர் விரோதமான கதை: எங்கோ உறை தேய்ந்த ஒயர் இரும்பில் பட்டு, வேண்டாத எர்த்தைத் தருகிறது.

கம்மிப் போன குரலுக்குத்தான் ஹாரனின் திருகைத் தொட வேண்டும். மிருதங்க வித்துவான் கல்லால் ஓரத்தை மெல்லத் தட்டிச் சுருதி சேர்ப்பதைப்போல, நல்ல கைகாரர் அதைக் கால் சுற்றுக்கும் குறைவாகத் திருப்பி, கேட்டு, மறுபடி ஒரு மயிரிழை திருப்புகிறார். அவசரக்காரர் கையில் அந்தத் திருகு அகப்பட்டால் ஹாரன் அடியோடு மௌனமாகிவிடுவதும் உண்டு.

இத்தனை சிரமம் எதற்கு என்று டாஷ்போர்டில் துளையிட்டுத் தனிப் பொத்தான் வைத்துவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். அதை நான் ஒப்பமாட்டேன். காரைச் சிருஷ்டித்தவர்கள் மின்சாரத்துக்கு வகுத்த வழி இன்னும் அங்கேயேதான் இருக்கிறது. பட்டையைப் புதிதாக மாட்டி, அது படும் இடங்களை உப்புத்தாளால் பளிச்சென்று தேய்த்து, சக்கரத்தை இரு புறமும் கடைசிவரை திருப்பி அழுத்திப் பார்த்தால் வேலை முடிந்தது.