கல்லும் குளிர்த்தியும்: கடற்கோள் நினைவுச்சின்னம் பற்றியதோர் ஆய்வு

கடற்கோள் என்பது 2004ஆம் ஆண்டுவரை நம் மாணாக்கர்க்கு ஓர் ஏட்டுச்சொல்லாகவே இருந்தது. இறையனார் களவியலுரை கூறும் முச்சங்க வரலாற்றைக் கற்போர் அதனை ஓதிக் கடந்து செல்வர். அவ்வாண்டு திசெம்பர் 26ஆம் நாள், பூரணையும் ஞாயிறும் கூடிய காலைப்பொழுதில், அச்சொல் நம் கண்முன்னே பொருள் பெற்றது. இலங்கையில் 30,000 பேருக்கு மேல் மாண்டனர். அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000 பேருக்கு மேல். மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் எனத் தொடர்ந்து கிடக்கும் கரையிலே பள்ளிவாசலைச் சூழ்ந்த குடிகளும் கோயிலைச் சூழ்ந்த குடிகளும் ஒருங்கே அழிந்தன. இக்கரையின் பூங்காக்களில் அத்துயரைக் குறிக்கும் பொது நினைவுச்சின்னம் ஒன்று நிறுவுதல் தகுமா என்பதே ஈண்டு நாம் ஆராயப் புகும் வினா.

தகாது என்பார் கூற்று மூவகைப்படும். செத்தவர்க்குக் கல் நாட்டுமுன் இருப்பவர்க்கு வீடு கொடுக்க வேண்டும் என்பது முதலாவது. இது புறந்தள்ளத்தக்க கூற்றன்று. அக்கரைப்பற்றை அடுத்த நுரைச்சோலையில், கடற்கோளால் வீடிழந்தோர்க்கெனச் சவூதி அரேபிய உதவியுடன் கட்டப்பட்ட 500 வீடுகள், வழக்கிற் சிக்கி ஆண்டுக்கணக்காக ஆளின்றிக் கிடந்தன. எவரும் எண்ணி எழுப்பாத நினைவுச்சின்னம் அது; நம் பிணக்குகளின் நினைவுச்சின்னம். ஆயினும் அவ்வீடுகள் கிடந்தது பணமின்மையால் அன்று. ஒரு கல்லின் செலவை மிச்சம் பிடித்திருந்தால் அவற்றில் விளக்கெரிந்திருக்கும் என்று கூற இயலாது.

மார்க்கம் பற்றிய தடை இரண்டாவது. கப்றின்மேற் கட்டடம் எழுப்புதலை இஸ்லாம் விலக்குகின்றது. உருவம் அமைத்தல் அதற்கு முற்றும் உடன்பாடன்று. தெற்கே பெரலியவில், அலை புகைவண்டியை வாரிக்கொண்ட இடத்தருகே, யப்பானியர் உதவியால் ஓங்கிய புத்தர் சிலை எழுந்தது. அவ்வூர் மக்களின் நெஞ்சுக்கு அது பொருந்தும். அதன் படியைக் கல்முனையில் வைத்தல் பொருந்தாது. எனினும் உருவமின்றி நினைவு நிலைபெறாது என்று கொள்ளற்க. கடற்கோளால் நம்மினும் பன்மடங்கு அழிந்த அச்சே மாநிலத்து முஸ்லிம் மக்கள், 2009இல் பண்டா அச்சே நகரில் ஒரு நூதனசாலை திறந்தனர். அதனுள்ளே கிணறுபோல் உயர்ந்த அறையொன்றின் சுவரில் மாண்டார் பெயர்கள். உச்சியில் அல்லாஹ்வின் திருநாமம். வேறு உருவம் இல்லை. அலை மீண்டும் வரின் மக்கள் ஏறித் தப்புதற்கும் அக்கட்டடமே இடமாகும்.

சிறுவர் ஓடி விளையாடும் பூங்காவில் சாவை நினைவூட்டலாமா என்பது மூன்றாவது தடை. இதற்கு விடை நம் முன்னோர் வழக்கிலேயே உண்டு. மகப்பேற்றின்போது வயிற்றுச் சுமையுடன் இறந்த பெண்ணுக்காகத் தெருவோரத்திலே சுமைதாங்கிக் கல் நாட்டினர். அங்கே யாரும் அழுதுகொண்டு நிற்பதில்லை. வழிப்போக்கர் தலைச்சுமையை இறக்கி இளைப்பாறுவர். அவள் இறக்காது போன சுமையை ஊரார் நாள்தோறும் இறக்கினர். துயரச் சின்னம் பிறர்க்கு இளைப்பாறும் இடமாதலினும் மேலான கருத்தை அயல்நாட்டுச் சிற்பிகளிடம் தேட வேண்டியதில்லை.

காரைதீவு கண்ணகையம்மன் வழிபாடும் இதனையே உணர்த்தும். கணவனை இழந்தாளின் துயரைக் கல்லாக்கியதுடன் தமிழர் அமைந்தாரல்லர். வைகாசித் திங்களில் அத்துயரின் வெம்மை தணியக் குளிர்த்தி பாடுகின்றனர். கல் நினைவை நிறுத்தும். குளிர்த்தி அதனைத் தாங்கத்தக்கதாக்கும். முஸ்லிம் மக்களிடத்தும் இவ்வுணர்வு உண்டு. மரித்தார் பெயரால் கிணறு தோண்டுதல் நிலையான தருமம், சதகத்துல் ஜாரியா, எனப் போற்றப்படும். 2000ஆம் ஆண்டில் மறைந்த அஷ்ரபின் பெயரைக் கல்முனையிற் சுமந்து நிற்பது ஒரு ஞாபகார்த்த வைத்தியசாலையன்றோ?

ஆகவே கிணறும் வைத்தியசாலையுமே போதும், பெயர் பொறித்த கல் எதற்கு என்பார்க்கு ஒன்று கூறுவேன். அன்று கூட்டாக அடக்கப்பட்டோர் பலர். கடல் மீளத் தாராதோரும் உளர். இவர்களுள் முஸ்லிமானவர்க்கு மையவாடியில் தலைமாட்டில் ஒரு மீஸான் கட்டை இல்லை. இந்துவானவர்க்குக் கொள்ளியிடவும் உடல் கிடைத்திலது. ஒரு தாய் தன் பிள்ளையின் பெயரைத் தொட்டுப் பார்க்க உலகில் ஓரிடமேனும் வேண்டும். வாசிங்டன் நகரில் 1982இல் அமைந்த வியட்நாம் போர் நினைவுச்சுவரில் 58,000க்கு மேற்பட்ட பெயர்கள் உள. அங்கு வருவோர் அவற்றை விரலால் தடவி நிற்பதைக் காண்போர், பெயரின் ஆற்றலை ஐயுறார்.

எனவே, சின்னம் தகும் என்பதே எம் துணிபு. ஆயின் சில நெறிகள் வேண்டும். அதில் உருவம் வேண்டா. பெயர்கள் மதவாரியாக அன்றி ஊர்வாரியாக அமைக. பள்ளிவாசலும் கோயிலும் தேவாலயமும் கூடி அவற்றைத் திரட்டுக. அலை எட்டிய உயரத்தை அக்கல்லிற் குறித்து, ஓடவேண்டிய திசையையும் காட்டுக. அருகில் நிழல்மரமும் குடிநீரும் இருக்கைகளும் அமைக. திறந்துவைத்த அமைச்சர், தலைவர் பெயர் எதுவும் அதிற் பொறிக்கப்படலாகாது. நம் நாட்டில் நினைவுக்கற்கள் பல, நினைக்கப்படுவோரினும் நாட்டியோரையே பெரிய எழுத்திற் காட்டுகின்றன.

ஆண்டுதோறும் அந்நாட் காலை 9.25 மணிக்கு நாடு இரண்டு நிமிடம் மௌனம் காக்கின்றது. இன்று நம் உயர்தர வகுப்பில் இருப்போர் கடற்கோளின் பின் பிறந்தவர். அவர்க்கு அம்மௌனம் யாரைப் பற்றியது எனச் சொல்லவல்ல பெற்றோரும் பாட்டன்மாரும் முதுமை எய்துகின்றனர். கல் நாட்டுதல் பத்தாண்டு தாமதிப்பினும் தாழ்வில்லை. பெயர்களைத் திரட்டுதல் இவ்வாண்டே தொடங்கற்பாலது. வீடு வீடாகச் சென்று கேட்டெழுதும் அப்பணியை நம் மாணவரே ஏற்கலாம்.