பன்னிரண்டு எழுத்துச் சொல்லும் முதல் வகுப்புப் பிள்ளையும்

தமிழில் குழந்தைகளுக்கான படநூல்களுக்கு இது நல்ல காலம். படம் நன்றாக இருக்கிறது, தாள் நன்றாக இருக்கிறது, ராஜா ராணியும் முனிவர் சாபமும் இல்லாமலே ஒரு கதை நடக்கிறது. சென்னையில் 1994இல் தாரா பதிப்பகமும் 1996இல் தூலிகா பதிப்பகமும் தொடங்கப்பட்டதற்கு இந்த மாற்றத்தில் பெரிய பங்கு உண்டு. தாரா கைவினை அச்சையும் நாட்டார் ஓவியத்தையும் குழந்தைகள் பக்கம் திருப்பியது. தூலிகா ஒரே கதையைத் தமிழ் உள்ளிட்ட ஒன்பது மொழிகளில் கொண்டுவந்தது. நியூ செஞ்சுரி புத்தகக் கடைகளில் வாங்கிய சோவியத் படநூல்களின் வாசனையை இன்னும் மறக்காதவர்கள் என்னோடு சண்டைக்கு வரலாம். அந்த ஓவியங்களுக்கு ஈடில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அவற்றில் எல்லாப் பிள்ளைகளும் கம்பளித் தொப்பி போட்டிருந்தார்கள்.

ஒரு குறை இருக்கிறது. இந்தப் புத்தகங்களை நான் வாசிக்கிறேன், முதல் வகுப்புப் படிக்கும் மகள் கேட்கிறாள். அவளே எடுத்து, யார் துணையும் இல்லாமல் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை வாசித்து முடிக்கிற தமிழ்ப் புத்தகம் அநேகமாக இல்லை. படநூல் வேறு, எளிய வாசிப்பு நூல் வேறு. முன்னது பெரியவர் குரலுக்காக எழுதப்படுவது. அதில் எந்தச் சொல்லும் வரலாம். பின்னது எழுத்துக்கூட்டிப் படிக்கிற பிள்ளையின் கண்ணுக்காக எழுதப்படுவது. நம் பதிப்பாளர்கள் இரண்டையும் ஒரே தட்டில் வைத்து, பின்னட்டையில் 'ஐந்து வயது முதல்' என்று அச்சிட்டுவிடுகிறார்கள்.

எங்கள் தாம்பரத்தில் இதன் விளைவு வெளிப்படையாகவே தெரிகிறது. சேலையூரிலிருந்து குரோம்பேட்டை வரை எந்த அடுக்குமாடிக் குடியிருப்பிலும், வீட்டில் தமிழே பேசும் பிள்ளை ஆங்கிலப் புத்தகத்தைத் தானாக வாசிக்கும். தமிழ் என்றால் "நீ படிம்மா" என்று நீட்டும். 2006ஆம் ஆண்டின் தமிழ் கற்றல் சட்டத்துக்குப் பிறகு தமிழ்ப் பாடத்துக்குப் பஞ்சமில்லை. பெற்றோரின் ஆங்கில மோகம் என்று சொல்லிக் கடந்துவிடலாம், அதில் உண்மையும் உண்டு. ஆனால் புத்தகம் என்ன செய்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். ஆங்கிலத்தில் ஒரு பக்கத்துக்கு ஐந்து சொல், அடுத்த பக்கத்தில் அதே ஐந்தில் ஒன்று மட்டும் மாறி வரும் என்று படி கட்டிக் கொடுக்கிறார்கள். கிலோக் கணக்கில் விற்கும் வெளிநாட்டுப் பழைய புத்தகக் குவியலில்கூட அப்படி நாலைந்து அகப்படும். தமிழில் அந்தப் படி இல்லை. பிள்ளை மாடிக்கு வரவில்லை என்று நாம் கோபித்துக்கொள்கிறோம்.

படி கட்டும் முயற்சியே நடக்கவில்லை என்றும் சொல்ல முடியாது. பிரதம் புக்ஸ் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளம் கதைகளைத் திறந்த உரிமத்தில் வெளியிட்டது. யாரும் மொழிபெயர்க்கலாம், யாரும் அச்சடித்துக்கொள்ளலாம், காசு கிடையாது. கடற்கரை ரயிலில் உட்கார இடம் கிடைத்தால் கைப்பேசியிலேயே ஒரு கதையை முடித்துவிடலாம். படநூல் ஒன்று இருநூறு ரூபாயைத் தொடுகிற காலத்தில் இது சாதாரணக் கொடை அல்ல. பொருளும் விரிந்தது. பூச்சி, விண்வெளி, ஆட்டோ, பாட்டியின் மூக்குக்கண்ணாடி என எதைப் பற்றியும் கதை உண்டு. தமிழ்க் குழந்தை இலக்கியம் தானாக இத்தனை பொருளைத் தொட இன்னும் முப்பது வருஷம் ஆகியிருக்கும்.

அங்கே கதைகளுக்கு நான்கு நிலைகள். முதல் நிலைக்கு 250 சொற்கள் வரை, இரண்டாவதற்கு 600 வரை, மூன்றாவதற்கு 1500 வரை, அதற்கு மேல் போனால் நான்காவது. சொல் எளிமை, திரும்ப வருதல் போன்றவற்றையும் பார்க்கச் சொல்கிறார்கள் என்றாலும் கைக்கு அகப்படும் அளவுகோல் சொல் எண்ணிக்கைதான். ஒரு நிறுவனத்தின் பிழை என்று இதைச் சொல்ல மாட்டேன்; உலகமே அப்படித்தான் எண்ணுகிறது. தமிழுக்கு மட்டும் அந்த அளவுகோல் தலைகீழாக வேலை செய்கிறது. மரத்தின் மேல் இருக்கும் பறவையைப் பூனை பார்த்துக்கொண்டிருந்தது என்று சொல்ல ஆங்கிலத்துக்குச் சின்னச் சின்னதாகப் பத்துச் சொல் வேண்டும். தமிழுக்கு ஆறேழு போதும். எண்ணிக்கை குறைந்தது, ஆகவே எளிது என்று அளவுகோல் சொல்லும். ஆனால் அந்தக் கடைசிச் சொல்லில் மட்டும் பன்னிரண்டு எழுத்துகள். 'து' வந்து சேரும்போது 'பா' எங்கே என்று பிள்ளைக்கு மறந்துபோயிருக்கும்.

இங்கேதான் ஆங்கில முன்மாதிரியை அப்படியே எடுப்பதன் சிக்கல். அமெரிக்கக் குழந்தை எழுத்தாளர் டாக்டர் சூஸ் 1957இல் வெளியிட்ட தொப்பிப் பூனைக் கதையில் மொத்தம் 236 வெவ்வேறு சொற்கள். 1960இல் ஐம்பதே சொற்களில் இன்னொரு புத்தகம் எழுதினார். அந்த ஐம்பதில் நாற்பத்தொன்பது ஓரசைச் சொற்கள். பெரிய சாதனைதான். தமிழில் அதே விளையாட்டு விளையாட முடியாது. பூனை என்று ஒரு சொல்லைக் கற்ற பிள்ளை பூனையை, பூனைக்கு, பூனையோடு, பூனையிடமிருந்து எல்லாவற்றையும் புதிதாகப் பார்க்கிறது. மரம் இன்னும் மோசம். மரத்தில் என்று வரும்போது கடைசி 'ம்' காணாமல் போய் நடுவில் ஒரு 'த்' முளைக்கிறது. ஆகவே தமிழில் கட்டுப்படுத்த வேண்டியது சொற்களை அல்ல, சொல்லின் வாலை. முதல் புத்தகத்தில் வேற்றுமை உருபே வேண்டாம். இரண்டாவதில் 'இல்' மட்டும் வரட்டும். மூன்றாவதில் 'ஐ' வரட்டும். இப்படித் திட்டமிட்டு எழுதிய கதைத் தொடர் ஒன்றைக் கடையில் நான் பார்த்ததில்லை.

நீளம் மட்டுமே குற்றவாளி என்று நினைத்துவிடக் கூடாது. தூலிகா வெளியிட்ட, அசோக் ராஜகோபாலனின் 'கஜபதி குலபதி' யானைக் கதை எங்கள் வீட்டில் அட்டை பிய்ந்துபோன புத்தகம். ஜலதோஷம் பிடித்த யானை பெரிதாகத் தும்முகிறது, அவ்வளவுதான் கதை. அந்தப் பெயரில் எட்டு எழுத்துகள். ஆனால் ஒரு புள்ளி இல்லை, ஒரு கொம்பு இல்லை. எட்டும் நேரான உயிர்மெய். பிள்ளை ஒவ்வோர் எழுத்தாகச் சொல்லிக்கொண்டே போனால் பெயர் தானாக வாயில் விழுகிறது. தும்மல் ஒலியையோ படிக்கவே வேண்டாம், நடித்துவிடலாம். ஆசிரியர் திட்டமிட்டுத்தான் இப்படிப் பெயர் வைத்தாரா என்று தெரியாது. நல்ல காது உள்ளவருக்குத் திட்டம் தேவையில்லை போலும்.

கொம்பு பற்றிப் பதிப்பாளர்கள் யோசிக்கிறார்களா என்பதே என் சந்தேகம். இடமிருந்து வலமாகப் படி என்று சொல்லிக்கொடுத்த பிள்ளைக்கு, 'கே' என்ற எழுத்தில் உயிரின் அடையாளம் முன்னே வந்து நிற்கிறது. 'கொ' வந்தால் முன்னே ஒன்று, பின்னே ஒன்று, நடுவில் மெய். பெரியவர்களுக்கு இது கண்ணிலேயே படாது. முதல் வகுப்பில் இது முட்டுச்சந்து. நம் கதைகளோ கேட்டது, போனது, கொடுத்தது, தேடியது என்றே நடக்கின்றன. இதோடு அச்சுக் கோளாறுகளும் சேர்கின்றன. கரும்பச்சைக் காட்டின் மேல் வெள்ளை எழுத்து, அலங்கார எழுத்துருவில் கரைந்துபோகும் புள்ளி, வரி முடிந்ததும் எந்தக் குறியும் இல்லாமல் சொல்லை இரண்டாக வெட்டி அடுத்த வரியில் போடும் வழக்கம். ஓவியருக்குப் பக்கத்தின் முக்கால்வாசியைக் கொடுத்தவர்கள், எழுத்துக்கு மீதிக் கால்வாசியையாவது தெளிவாகக் கொடுத்திருக்கலாம்.

பேச்சும் எழுத்தும் விலகி நிற்பது இன்னொரு பெரிய தடை. இதில் எனக்கே இரண்டு மனம். 'வந்துவிட்டான்' என்று அச்சில் இருக்கும். என் வாய் 'வந்துட்டான்' என்று படிக்கும். மகள் விரல் வைத்துத் தொடர்ந்தால் குரலும் எழுத்தும் ஒட்டாது. அச்சில் இருப்பதை அப்படியே படித்தாலோ கதை பள்ளி ஆண்டுவிழா உரை மாதிரி ஆகிவிடுகிறது. பேச்சுத் தமிழில் எழுதுங்கள் என்று சொல்ல ஆசைதான். யாருடைய பேச்சு? தென்மாவட்ட ரயில்கள் வந்து இறக்கிவிட்ட குடும்பங்களால் நிறைந்த ஊர் இது. எங்கள் தளத்திலேயே நெல்லைப் பேச்சு, மதுரைப் பேச்சு, செங்கல்பட்டுப் பேச்சு மூன்றும் உண்டு. என் மாமியார் சொல்லும் 'வந்துருக்காவ' எதிர்வீட்டுப் பிள்ளைக்குப் புரியாது. எழுத்துத் தமிழ் யாருக்கும் சொந்தமில்லை என்பதாலேயே எல்லாருக்கும் சமதூரம். கதை சொல்லும் வரிகள் எழுத்துத் தமிழிலும் பாத்திரங்கள் பேசுவது பேச்சிலும் இருந்தால் போதும் என்பதுதான் இப்போதைக்கு என் கட்சி. சில நூல்கள் அப்படி வருகின்றன. அவற்றில் பிள்ளை முதலில் தானாக வாசிப்பது உரையாடலைத்தான்.

கடைசிப் பக்கத்தில் கட்டம் போட்டு 'நீதி' அச்சிடும் முப்பது ரூபாய்ப் பஞ்சதந்திரங்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். தாம்பரம் மேற்கின் கடைத்தெருவில் பென்சில் டப்பாவுக்குப் பக்கத்தில் தொங்குபவை அவைதான். பலருக்கு வேறு புத்தகம் கண்ணில் படுவதே இல்லை. நல்லவற்றுக்கு ஜனவரியில் நந்தனம் புத்தகக் காட்சி வரை போக வேண்டும்.

ஒரு விசித்திரம். எளிய வாசிப்பு நூல் என்ற சிந்தனையோடு தமிழில் அண்மையில் நடந்த பெரிய முயற்சி தனியார் பதிப்பாளரிடமிருந்து வரவில்லை. பள்ளிக் கல்வித் துறை 2023இல் தொடங்கிய வாசிப்பு இயக்கம்தான் மெல்லிய கதைப் புத்தகங்களை நான்கு படிகளாகப் பிரித்தது. நுழை, நட, ஓடு, பற என்று பெயர் வைத்தது. இவை அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்காக அச்சிடப்பட்டவை. லட்சக்கணக்கில் கட்டணம் வாங்கும் பள்ளியில் படிக்கும் எங்கள் குடியிருப்புப் பிள்ளைகளில் பெரும்பாலோர் இவற்றைப் பார்த்தே இருக்க மாட்டார்கள். பணம் கொடுத்தவர்களுக்குக் கிடைக்காத ஒன்று இலவசப் பள்ளிக்குப் போய்ச் சேர்ந்திருப்பதில் எனக்குக் கொஞ்சம் மகிழ்ச்சியும் உண்டு. இந்த நூல்களிலும் மேற்சொன்ன எழுத்துக் கணக்கு பார்க்கப்படவில்லை, பேசி முடித்தபின் நீதியை நுழைக்கும் பழக்கம் சிலவற்றில் எட்டிப் பார்க்கிறது. ஆனால் ஒரு பிள்ளை ஒரு புத்தகத்தை முடித்துவிட்டு அடுத்ததற்குப் போக வேண்டும் என்ற எண்ணம் இதில் இருக்கிறது.

அந்த நான்கு பெயர்களையே கவனியுங்கள். எல்லாம் ஏவல். தமிழில் வினையின் மிகச் சின்ன வடிவம் ஏவல்தான்: வா, போ, தா, பார், ஓடு, பாடு. பார்த்துக்கொண்டிருந்த பூனையைப் 'பூனையே பார்' என்று மாற்றினால் பன்னிரண்டு எழுத்து இரண்டாகிவிடும். அப்படியானால் தமிழின் முதல் வாசிப்பு நூல், 'ஒரு ஊரில்' என்று தொடங்கும் கடந்தகாலக் கதையாக இருக்கக் கூடாது. ஒருவரை ஒருவர் கூப்பிடுவதும், கேட்பதும், விரட்டுவதுமாக இருக்க வேண்டும். இது நான் கண்டுபிடித்ததல்ல. தன் பெயரை மறந்துபோன ஈ, கன்றிடமும் பசுவிடமும் மேய்ப்பவனிடமும் போய்க் கேட்கும் பழங்கதை முழுக்க முழுக்க விளிப்பும் கேள்வியும்தான். ஒவ்வொரு முறையும் ஒரே ஒரு ஆள் கூடுவார். முந்தையதெல்லாம் மறுபடி வரும். கடைசியில் கிடைக்கும் விடையோ ஒரே எழுத்து. பாட்டிமார் வாயில் இருந்த இந்தக் கட்டமைப்பை, அழ. வள்ளியப்பா தலைமுறை பாட்டில் பயன்படுத்திய அளவுக்குக்கூட இன்றைய படநூல்காரர்கள் பயன்படுத்தவில்லை.

இப்படிக் கணக்குப் பார்த்து எழுதினால் கதை செத்துவிடும் என்று எழுத்தாளர்கள் சொல்வார்கள். நியாயமான பயம்தான். அமெரிக்காவின் பள்ளி வாசிப்பு நூல்கள் அப்படித்தான் செத்துக் கிடந்தன; 1954இல் ஜான் ஹெர்ஸி லைஃப் இதழில் அந்தச் சலிப்பைத் தாக்கி எழுதிய பிறகே சூஸின் பூனை வந்தது. வெண்பாவுக்குத் தளையும் அந்தாதிக்குத் தொடையும் வகுத்த மொழியில், 'கொம்பில்லாமல் எட்டுப் பக்கம்' என்ற கட்டுப்பாட்டைக் கண்டு எழுத்தாளர் மிரள்வது எனக்கு விளங்கவில்லை.

விற்காது என்பதுதான் அடுத்த பதில். அதற்கு மட்டும் என்னிடம் ஓரளவு கறாரான மறுமொழி உண்டு. 1948இன் சென்னைப் பொது நூலகச் சட்டம் வழியாக, சொத்து வரியில் ரூபாய்க்குப் பத்துக் காசு நூலக வரி கட்டுகிறோம். 2021இல் தாம்பரம் மாநகராட்சியானது. சேலையூரிலும் செம்பாக்கத்திலும் எழும் ஒவ்வொரு கட்டடமும் அந்தக் கணக்கில் சேர்கிறது. தமிழ்ப் பதிப்பாளர்கள் நூலக ஆணைக்காக எப்படிக் காத்திருப்பார்கள் என்பது ஊரறிந்தது. நூலகத் துறை குழந்தை நூல் வாங்கும்போது, இது பெரியவர் வாசித்துக் காட்டுவதா, பிள்ளை தானே வாசிப்பதா, தானே வாசிப்பது என்றால் எந்த எழுத்துகள், எந்த உருபுகள் வருகின்றன என்று விண்ணப்பத்தில் இரண்டு வரி கேட்டால் போதும். ஓரிரு வருஷத்தில் அப்படி எழுத ஆள் வந்துவிடுவார்கள். அதுவரை கடையில் நடுப்பக்கத்தைத் திறந்து கொம்பையும் புள்ளியையும் எண்ணிப் பார்த்துத்தான் வாங்குகிறேன். ஒரு பக்கத்தில் நாலு கொம்புக்கு மேல் இருந்தால் அது என் புத்தகம், மகளுடையது அல்ல.