ஆவிப் பாதைகளும் பிணவழிகளும்: ஒரு மறுநோக்கு

நாட்டார் நம்பிக்கைகளுள் பாதைகளைப் பற்றியவை தனித்து நோக்கத்தக்கவை. முனி ஓடும் வழியில் வீடு கட்டலாகாது என்னும் நம்பிக்கை தமிழ்க் கிராமங்களில் முதியோர் வாயிலாக இன்றும் கேட்கப்படுவதே. அயர்லாந்தின் நாட்டுப்புறத்தாரும் மாயமாந்தர் உலவும் வழிகள் உண்டென நம்பினர். அவ்வழியில் வீடொன்றின் மூலை குறுக்கிட்டதாயின், அம்மூலையையே வெட்டி ஒதுக்கினர் எனச் செய்திகள் உள. இத்தகைய நம்பிக்கைகளை எவ்வாறு ஆராய்தல் வேண்டும் என்பதே நம்முன் உள்ள வினா. இவ்வினாவுக்கு விடை காண, இது குறித்து மிகுதியாக எழுதப்பெற்ற இங்கிலாந்தின் வழிகளையும் அவற்றைப் பற்றி எழுந்த கொள்கைகளையும் இக்கட்டுரையிற் பரிசீலிப்போம்.

இக்கொள்கைகளின் தொடக்கம் ஆவிகளோடு எவ்விதத் தொடர்பும் அற்றது என்பது முதலிற் கூறப்படல் வேண்டும். ஹியர்போர்ட் நகரைச் சேர்ந்த அல்பிரட் வொட்கின்ஸ் (1855 - 1935) ஒரு வணிகர், ஒளிப்படக்கலையில் தேர்ந்தவர். 1921ஆம் ஆண்டில் தம் மாவட்டத்தின் நிலப்படத்தை நோக்கியபோது, பழைய மேடுகள், நடுகற்கள், தேவாலயங்கள் முதலியன நேர்கோடுகளில் அமைந்திருப்பதாக அவர்க்குத் தோன்றியது. இவை தொல்பழங்கால வணிகர் திசைகாட்டிகளாகக் கொண்ட நேர்வழிகள் என்று அவர் முடிவுசெய்தார். இக்கோடுகளுக்கு 'லே' எனப் பெயரிட்டு, 1925இல் 'பழைய நேர்வழி' என்னும் பொருள்படும் பெயரில் நூலொன்றையும் வெளியிட்டார். அவர் கண்ட வழியிற் சென்றவர் உப்பும் மட்பாண்டமும் சுமந்த மனிதரேயன்றிப் பேய்களல்லர்.

வணிகர் வழி ஆவி வழியாக மாறியது பிற்காலத்தவரின் கைவண்ணமாகும். 1936இல் டயன் போர்ச்சுன் எழுதிய நாவலொன்று பழஞ்சின்னங்களை இணைக்கும் சத்திக் கோடுகள் என்னும் கற்பனையை முன்வைத்தது. 1969இல் ஜோன் மிச்செல் தமது 'அத்திலாந்திசின் மீது ஒரு பார்வை' என்னும் நூலில், சீனரின் நில அமைப்புக் கலையான 'பெங் சுயி'யைத் துணைக்கழைத்து, 'லே' கோடுகள் புவியின் உயிர்ச்சத்தி ஓடும் நாளங்கள் என்றார். ஆனால் அச்சீனக் கலையோ நேர்கோட்டைத் தீமை பயப்பதாகக் கொண்டு விலக்குவது. கடன் வாங்கிய கருத்தைத் தலைகீழாக நிறுத்தியே இக்கொள்கை எழுப்பப்பட்டது எனல் பொருந்தும்.

இதற்குத் தக்க மறுப்பு 1983இல் டொம் வில்லியம்சன், லிஸ் பெலமி ஆகியோரின் நூலில் வெளிவந்தது. பிரித்தானிய நிலப்பரப்பில் தொல்சின்னங்கள் மிக நெருக்கமாகச் செறிந்துள்ளன. எனவே எங்கு கோடு வரையினும் அது சில சின்னங்களைத் தொட்டே செல்லும் என்பது அவர்தம் வாதத்தின் சாரம். இதன் பின்னர் 'லே' ஆய்வாளருள் முக்கியமானவரான போல் டெவெரோ உயிர்ச்சத்திக் கொள்கையைக் கைவிட்டார். 2003இல் வெளியான தமது நூலில், இறந்தோரின் ஆவி நேர்வழியே செல்லும் என்னும் தொன்மையான நம்பிக்கையே பல நாட்டுப் பாதைகளுக்கும் அடிப்படை என்ற கருத்தை வலியுறுத்தினார். நிலத்தில் ஓடும் சத்தியைத் தேடாது மக்கள் மனத்திலுள்ள நிலவியலைத் தேடியமை பாராட்டுக்குரியது. எனினும் இங்கிலாந்தின் பிணவழிகளை இந்நோக்கில் விளக்குமிடத்துச் சில இடர்ப்பாடுகள் எழுகின்றன.

பிணவழிகள் என்பன யாவை? இடைக்கால இங்கிலாந்தில் பங்கின் தாய்த் தேவாலயத்துக்கே பிணம் அடக்கும் உரிமை இருந்தது. அவ்வுரிமையோடு அடக்கக் கட்டணமாகிய வருவாயும் சேர்ந்திருந்தது. தொலைவிலுள்ள சிற்றூர்களில் வழிபாட்டுக்கென எழுந்த சிற்றாலயங்கள் பல, இவ்வுரிமையைப் பெறவில்லை. ஆகவே மலையடிவாரத்து ஏழைக் குடியானவன் இறப்பின், அவனது உடலைச் சுற்றத்தார் பல மைல் காவிச் சென்றனர். வட இங்கிலாந்தின் சுவேல்டேல் பள்ளத்தாக்கில் கெல்ட் என்னும் ஊரிலிருந்து கிரின்டன் தேவாலயம் வரை இவ்வாறு செல்லும் வழி பன்னிரண்டு மைலுக்கும் மேற்பட்டது. பாரங் குறைக்கும் பொருட்டுப் பிரம்பாற் பின்னிய பெட்டியிற் பிணத்தை வைத்துச் சென்றனர் என்பர். இடையிலுள்ள மியூக்கரில் 1580இல் சிற்றாலயமும் இடுகாடும் அமைந்த பின்னரே மேற்பகுதி மக்களின் துன்பம் தணிந்தது. மார்டேல் என்னும் மலையூரார் ஷாப் என்னும் ஊருக்குத் தம் பிணங்களைக் கொண்டுசென்றனர். அவ்வழியிற் சென்ற இறுதிப் பிணம் 1736ஆம் ஆண்டிற்குரியது.

மார்டேல் வழியை நோக்குவோர்க்கு அது நேர்வழியன்று என்பது உடனே புலனாகும். செங்குத்தான மலைச்சரிவில் அது வளைந்து வளைந்து ஏறுகின்றது. பிணஞ் சுமப்போரின் தோளும் மூச்சும் வகுத்த வழி அது; ஆவியின் விருப்பம் வகுத்ததன்று. சேக்ஸ்பியரின் 'நடுவேனிற் கனவு' நாடகத்தின் இறுதி அங்கத்தில், நள்ளிரவில் கல்லறைகள் திறக்க ஆவிகள் தேவாலய வழிகளில் உலவும் என்னும் கூற்று வருகின்றது. இதனையும் ஆவிப் பாதைக்குச் சான்றாகக் காட்டுவர். ஆவிகள் அவ்வழிகளில் உலவின என்ற நம்பிக்கைக்கு அது சான்றே. ஆயின் அவ்வழிகள் நேரானவை என்றோ, ஆவிகளுக்காகவே அமைந்தன என்றோ அங்குக் கூறப்படவில்லை. சான்று கூறாததைச் சான்றின்மேல் ஏற்றிக் கூறல் ஆய்வு நெறியாகாது.

இனி, ஆவிகள் எங்குத் தோன்றுகின்றன என்று கதைகளையே கேட்போம். சுவேல்டேல் வழியில் ஐவ்லெட் பாலம் என்றொன்றுண்டு. அதன் அருகே பிணப்பெட்டியை இறக்கிவைத்து இளைப்பாறுதற்கான கல்லொன்று, நம்மவரின் சுமைதாங்கியை நினைவூட்டுவதாய்க் கிடக்கின்றது. தலையற்ற கரிய நாய் தோன்றி மரணத்தை முன்னறிவிப்பதாகக் கதை வழங்குவதும் இப்பாலத்திலேயாம். வாஸ்டேல் ஊராரின் பிணவழி பேர்ன்மூர் என்னும் பாழ்வெளியைக் கடந்து எஸ்க்டேல் செல்கின்றது. இளைஞன் ஒருவனின் பிணத்தைச் சுமந்த குதிரை அவ்வெளியின் மூடுபனியில் மிரண்டோடி மறைந்ததாம். துயரால் அவன் தாயும் இறந்தாள். அவளைச் சுமந்த குதிரையும் அவ்வாறே ஓடிற்றாம். இன்றும் பெட்டி சுமந்த குதிரையொன்று பனியில் ஓடுவதுண்டு என்பது கதை. பிணத்தை இறக்கி இளைப்பாறிய இடத்திலும், வழி தவறும் வெளியிலும் ஆவி நிற்கின்றது. இவ்விரு கதைகளைக் கொண்டு நோக்குமிடத்து, ஆவிகளின் நிலப்படம் சுமந்தோரின் களைப்புக்கும் அச்சத்துக்கும் உரிய நிலப்படமாகவே காணப்படுகின்றது.

எனினும் அடக்கக் கட்டணம் ஒன்றே அனைத்தையும் விளக்கிவிடும் என்று கொள்வதும் தவறாகும். பிணத்தின் கால்கள் வீட்டுக்கு எதிர்த்திசையை நோக்குமாறு கொண்டுசெல்லல், இறந்தவர் திரும்பி வாராமைப் பொருட்டு என்பர். வழி ஓடும் நீரைக் கடப்பதற்கும் இக்காரணமே கூறப்பட்டது. பள்ளத்தாக்கு வழி எதுவும் ஓடையைக் கடந்தே தீரும். காரணம் பின்னர் வந்து சேர்ந்திருத்தல் கூடும். ஆனால் அக்காரணத்தைச் சொன்னவரின் மனநிலை பொய்யன்று. அன்புக்குரியவரை அயலூர் மண்ணில் விட்டு மீள்பவர்க்கு, அவர் வந்துவிடுவாரோ என்ற அச்சமும், வரமாட்டாரோ என்ற ஏக்கமும் ஒருங்கே எழுவன. அவ்வாலயத்தின் சட்டம் தோற்றுவித்த பிரிவுக்கு ஆவிக்கதை மொழி தந்தது. பிணம் சென்ற வழி பொதுவழியாகும் என்னும் நம்பிக்கையும் பரவலாக இருந்தது. அதற்குச் சட்ட ஆதாரமில்லை. ஆயினும் நிலவுடைமையாளரின் வேலிக்கு எதிராக ஏழையர் கொண்டிருந்த வாதம் அது.

மார்டேலின் பிற்கால வரலாறு இங்கு நினைக்கத்தக்கது. மான்செஸ்டர் நகருக்கு நீர் வழங்க 1930களில் ஹோஸ்வோட்டர் தேக்கம் அமைக்கப்பட்டபோது அவ்வூர் நீரில் மூழ்கிற்று. முன்னதாக, அதன் இடுகாட்டில் இருந்த தொண்ணூற்றுக்கு மேற்பட்ட உடல்கள் தோண்டியெடுக்கப்பெற்று ஷாப்பிலே மீள அடக்கஞ் செய்யப்பட்டன. நெடுங்காலந் துன்புற்றுச் சொந்த மண்ணில் அடங்கும் உரிமையைப் பெற்றவரின் சந்ததியார், இரண்டு நூற்றாண்டின் பின் பழைய இடத்துக்கே கொண்டுசெல்லப்பட்டனர். இவ்வரலாற்றின் முன் புவியின் உயிர்ச்சத்தி என்னும் பேச்சு எத்துணை வறிதாய்த் தோன்றுகின்றது!

ஆவிப் பாதைகளை ஆராய்பவர் கோலை வைத்துக் கோடு வரைவதற்கு முன்னர், அவ்வழியே நடந்தவர் யார், எதைச் சுமந்தனர், எவர் விதித்தமையாற் சுமந்தனர் என்று வினவுதல் வேண்டும். நம் ஊர்களின் முனி வழிகளை ஆராயப் புகுவோர்க்கும் இவ்வினாக்களே முதற்கண் வேண்டப்படுவன. நம்பிக்கையை மறுப்பதாலும் அன்று, அதனை வியப்பதாலும் அன்று. அதனைச் சொன்ன மனிதரை மீண்டும் அப்பாதையிற் காண்பதாலேயே நாட்டாரியல் ஆய்வு பயன்பெறும்.