சடங்கும் நலனும்: நிறுவனக் கோட்பாடு பற்றிய ஒரு மறுநோக்கு

அமைப்புகள் ஏன் குறித்தவொரு வடிவத்தை மேற்கொள்கின்றன என்ற வினாவுக்கு நீண்ட காலமாக அளிக்கப்பட்டு வந்த விடை, வினைத்திறன் என்பதாகும். 1977இல் ஜோன் மேயரும் பிறயன் றோவனும் வெளியிட்ட கட்டுரை இவ்விடையை வலுவாக அசைத்தது. முறைசார் கட்டமைப்பிற் பெரும்பகுதி ஐதீகமும் சடங்குமே என்பது அவர்தம் வாதம். பாடசாலையொன்று ஆசிரியரின் சான்றிதழை நுணுகி நோக்கும். வகுப்பறையில் யாது நிகழ்கின்றது என்பதை அத்துணை நுணுகி நோக்காது. வெளியுலகு எதிர்பார்க்கும் உருவத்தைக் காட்டி ஏற்புடைமையைப் பெறுவதும், உள்ளே வேலையை வேறு வழியில் நடத்துவதும் அமைப்பின் இயல்பாகின்றன. பல்கலைக்கழகங்களிற் காலங் கழித்தோர்க்கு இதற்கு மேலும் உதாரணம் வேண்டுவதில்லை.

1983இல் போல் டிமாஜியோவும் வோல்ற்றர் பவலும், ஒரே துறையிலுள்ள அமைப்புகள் ஒன்றையொன்று ஒத்துப்போவதற்கு மூன்று வழிகளைச் சுட்டினர்: அரசு முதலியவற்றின் வற்புறுத்தல், நிச்சயமின்மையிற் பிறரைப் பின்பற்றல், தொழில்வாண்மையினர் சுமந்துவரும் நெறி. மக்ஸ் வேபர் சந்தைப் போட்டியிற் கண்ட உந்துசக்தி இன்று அரசிடமும் தொழில்வாண்மையினரிடமும் இடம்பெயர்ந்துவிட்டது என்றனர்.

முற்போக்கு வாசகர் இக்கோட்பாட்டை முதலாளித்துவ முகாமைக் கல்வியின் மற்றொரு சரக்கென ஒதுக்கிவிடுதல் பிழையாகும். அடித்தளத்திலிருந்து அமைப்பின் வடிவத்தை நேரே வருவித்துவிடும் நமது பழைய சோம்பலுக்கு இது தக்க மறுப்பு. எனினும் அதன் சான்றுகளையே சற்று ஊன்றி நோக்குமிடத்து ஓர் இடர்ப்பாடு தோன்றுகின்றது.

பமெலா ரொல்பேட்டும் லின் ஸக்கரும் 1983இல் வெளியிட்ட ஆய்வை எடுத்துக்கொள்வோம். 1880 முதல் 1935 வரை அமெரிக்க நகரங்களிற் குடிசார் சேவைச் சீர்திருத்தம் பரவிய வரலாற்றை அது ஆராய்கின்றது. கட்சி ஆதரவின் பேரில் வேலை வழங்கும் முறை நீங்கி, பரீட்சையின் பேரில் நியமிக்கும் முறை வந்தது. மாநிலம் சட்டத்தால் விதிக்காத இடங்களில், தொடக்கத்தில் இதை ஏற்ற நகரங்களை அவற்றின் பருமன், குடிவரவாளர் விகிதம் போன்ற இயல்புகளைக் கொண்டு விளக்கலாம். பிற்காலத்தில் ஏற்றவற்றை அவ்வாறு விளக்க இயலாது. எனவே, முன்னையவை உள்தேவைக்காகவும் பின்னையவை ஏற்புடைமைக்காகவும் ஏற்றன என்பது முடிபு.

கணிப்பிற் குறை காண நாம் முனையவில்லை. ஆனால், “உள்தேவை” என்ற சொல்லின் கீழ் அடங்கிக் கிடப்பது யாது? குடிவரவாளரின் வாக்கில் தங்கியிருந்த கட்சி இயந்திரத்துக்கும், நகராட்சியைக் கைப்பற்ற முனைந்த உள்நாட்டிற் பிறந்த நடுத்தர வர்க்கத்துக்கும் இடையிலான போராட்டமே அது. ஆய்வாளர் இதனை அறியாதவர் அல்லர். அவர்களே அதனைச் சொல்கின்றனர். ஆயின், பிற்கால நகரங்களில் இக்காரணிகள் வலுவிழந்ததும் போராட்டமும் கோட்பாட்டை விட்டு அகன்றுவிடுகின்றது. ஒரு தரப்பின் கோரிக்கை எல்லோர்க்கும் இயல்பான நியாயமாகத் தோன்றத் தொடங்கியமை அத்தரப்பின் வெற்றி அன்றோ? புள்ளிவிபரத்திற் காரணி மறைந்தமை நலன் மறைந்தமைக்குச் சான்றாகாது. பரீட்சை எழுதவியலாத குடிவரவாளனுக்கு அப்பரீட்சை வெறும் சடங்கு அன்று, அவனது வேலை.

இத்தகைய மறதி இம்மரபின் பிறவிக்குணம் அன்று. பிலிப் செல்ஸ்னிக் 1949இல் வெளியிட்ட நூல், 1933இல் நிறுவப்பட்ட ரெனசிப் பள்ளத்தாக்கு அதிகாரசபையை ஆராய்ந்தது. “வேர்மட்ட ஜனநாயகம்” என்பது அச்சபையின் கொள்கை. நடைமுறையில், விவசாயத் திட்டம் அப்பள்ளத்தாக்கு மாநிலங்களின் விவசாயக் கல்லூரிகளிடம் ஒப்படைக்கப்பட்டது; அவற்றின் விரிவாக்கச் சேவையோ வசதிபடைத்த விவசாயிகளின் சங்கத்துடன் பின்னிப்பிணைந்திருந்தது. கறுப்பினத்தவர்க்கான கல்லூரிகள் புறந்தள்ளப்பட்டன. வறிய குத்தகையாளர்க்கு உதவ முனைந்த மற்றொரு சமஷ்டி நிறுவனத்துக்கு எதிரான அணியிற் சபை சேர்ந்தது. நீர்த்தேக்கங்களைச் சூழப் பொதுக் காப்பு நிலம் வைத்திருக்கும் கொள்கையும் கைவிடப்பட்டது. எதிர்ப்பைத் தவிர்க்கும் பொருட்டு எதிர்க்கக்கூடியோரையே உள்ளே சேர்த்துக்கொள்ளும் இச்செயலைச் செல்ஸ்னிக் “உள்ளீர்த்தல்” என்றார். அவரது நூலில் தவிர்க்கவியலாமை என்னும் சோக ராகம் சற்று மிகுதியே. 1955இல் அல்வின் கூல்ட்னர் அதனைக் கண்டித்தமை பொருத்தமே. ஆயினும் யார் பெற்றார், யார் இழந்தார் என்பதை அந்நூலிற் காண முடிகின்றது.

டிமாஜியோவும் பவலும் 1991இல் தொகுத்த நூலின் முன்னுரையில், பழைய நிறுவனவாதத்தையும் புதியதையும் அட்டவணையிட்டு ஒப்பிட்டனர். நலன்களின் முரண்பாடு பழையதில் மையத்தில் இருந்தது, புதியதில் ஓரத்தில் உள்ளது என அவர்களே குறித்தனர். நேர்மையான ஒப்புதல்தான். ஓரத்துக்குச் சென்றதை மீட்க அதே ஆண்டிற் கிறிஸ்ரீன் ஒலிவர், அமைப்புகள் அழுத்தங்களுக்குப் பணிவது முதல் அவற்றைத் தமக்கேற்பக் கையாளுவது வரை ஐந்து வகைப் பதில்களை வகுத்தார். ஆனால் அங்கு முரண்படுவது சூழலோடு முழு அமைப்பு; அமைப்பின் உள்ளே ஒருவரோடொருவர் முரண்படுவோர் மீண்டும் கண்ணிற் படுவதில்லை.

ஏற்புடைமை என்ற சொல்லை நாம் பயன்படுத்தும் போதெல்லாம் யாரிடமிருந்து என்ற வினாவைச் சேர்த்தே கேட்டல் வேண்டும். ரெனசிப் பள்ளத்தாக்கில் அதிகாரசபை தேடியது நிலவுடைமையாளரின் ஏற்பையே. குத்தகை நிலத்தில் உழுத கறுப்பு விவசாயி அதனை ஏற்றானா என்று சபை அறிய வேண்டியிருக்கவில்லை. ஏனெனில் அவனது மறுப்பு சபைக்கு எதனையும் இழப்பிக்கக்கூடியதாய் இருக்கவில்லை.