ரமாபாயின் பாடுகள்: சொல்லாமல் விட்ட பாதி

பண்டித ரமாபாயின் வாழ்க்கை நம் சபைக் கூட்டங்களில் ஏறக்குறைய ஒரே விதமாகச் சொல்லப்படுகிறது. பிராமணக் குடும்பத்தில் பிறந்தார், சமஸ்கிருதம் கற்றார், பஞ்சத்தில் பெற்றோரைப் பறிகொடுத்தார், இளம் வயதில் விதவையானார், கிறிஸ்துவை ஏற்றுக்கொண்டார், உறவும் ஊரும் எதிர்த்தபோதும் சோர்ந்துபோகாமல் ஊழியம் செய்தார். பெண்கள் ஐக்கிய சங்கக் கூட்டங்களில் இந்தக் கதையைக் கேட்டு வளர்ந்தவர்களில் நானும் ஒருத்தி. இதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் இந்தக் கதையில் எதிர்ப்பு எப்போதும் வெளியிலிருந்து மட்டுமே வருகிறது. பூனாவின் வைதிகர்கள் வருகிறார்கள், திலகரின் ‘கேசரி’ வருகிறது. வாண்டேஜ் மடம் வந்தாலும் அடைக்கலம் கொடுத்த வீடாக மட்டும் வந்து போகிறது. அந்த வீட்டுக்குள் நடந்த சண்டையை யாரும் சொல்வதில்லை.

சண்டைக்குச் சாட்சியம் இருக்கிறது. ரமாபாயின் கடிதங்கள் 1977இல் ஏ.பி. ஷா பதிப்பில் ஒரு தொகுப்பாக வெளிவந்தன. அவற்றைச் சேர்த்து வைத்தவர் ரமாபாயின் தோழியோ சீடரோ அல்ல. வாண்டேஜ் மடத்தில் அவருக்கு ஆன்மிகத் தாயாக இருந்த சகோதரி ஜெரால்டின். தன் வளர்ப்பு மகள் எங்கே வழிதவறினாள், எவ்வளவு அகந்தை கொண்டவளாக இருந்தாள் என்ற வருத்தம் அவர் எழுதிய குறிப்புகள் நெடுகிலும் இருக்கிறது. இன்று வாசிக்கும்போது அந்தக் கடிதங்கள் அவர் நினைத்ததற்கு நேர்மாறாகப் பேசுகின்றன. குற்றம் சாட்டுவதற்காகச் சேர்த்த கோப்பே பிரதிவாதியின் வாக்குமூலத்தை நமக்காகக் காப்பாற்றிவிட்டது.

ரமாபாய் 1883இல் இங்கிலாந்து போனார். வயது 25. கையில் குழந்தை மனோரமா. ‘ஸ்திரீ தர்ம நீதி’ என்ற தன் புத்தகத்தை விற்ற பணத்தில்தான் போனார் என்பது முக்கியம். மடத்தில் தங்கியதற்கும் ஈடாகச் சகோதரிகளுக்கு மராத்தி கற்றுக்கொடுத்தார். யாருக்கும் கடன்பட விரும்பாத பெண். மருத்துவம் படிக்க வந்தவருக்குக் காது மந்தமானதால் அது நடக்கவில்லை. அதே ஆண்டு செப்டம்பர் 29 அன்று ஞானஸ்நானம் பெற்றார். அவரை இழுத்தது பிரசங்கம் என்பதைவிட, லண்டனின் ஃபுல்ஹாமில் அந்தச் சகோதரிகள் ‘கெட்டுப்போன பெண்கள்’ என்று ஊர் ஒதுக்கியவர்களோடு செய்த வேலை. இப்படிப்பட்ட பெண்களுக்குத் தன் சாஸ்திரங்களில் இரக்கமே இல்லை என்று அறிந்திருந்தவர் அவர். கிணற்றடியில் சமாரிய ஸ்திரீயோடு இயேசு பேசிய அதிகாரத்தை அந்த வெளிச்சத்தில்தான் வாசித்தார்.

பிறகு செல்ட்னம் மகளிர் கல்லூரிக்குப் போனார். அங்கே தலைமையாசிரியையாக இருந்த டொரத்தியா பீல், இந்தியாவுக்கு வேலைக்குப் போகவிருந்த இளைஞர்களுக்கு ரமாபாய் மொழி கற்பிக்கலாம் என்று யோசித்தார். லாகூர், பம்பாய் பேராயர்கள் குறுக்கே நின்றார்கள். ஒரு பெண் இளைஞர்களுக்குப் பாடம் நடத்தினால் இந்தியாவில் அவளுக்குள்ள மதிப்புக் கெட்டுவிடும் என்பது அவர்கள் கவலை. ரமாபாயின் தந்தை அனந்த சாஸ்திரி டோங்ரே தன் மனைவிக்குச் சமஸ்கிருதம் கற்பித்ததற்காகவே ஊர்ப் பண்டிதர்களின் பகையைச் சம்பாதித்து, காட்டுக்குள் போய்க் குடியிருந்தவர். அந்தத் தாயிடம்தான் ரமாபாய் படித்தார். என் தாய் இளைஞர்களுக்குக் கற்பித்ததை என் தந்தையோ, நான் கற்பித்ததை என் கணவரோ ஆட்சேபிக்கவில்லை, ஆங்கிலேயர் ஆட்சேபிக்கிறீர்களே என்று ரமாபாய் எழுதிய பதில் பணிவான ஆச்சரியம்போலத் தொனிக்கும். எனக்கு அது கேலியாகவே படுகிறது.

சிலுவை பற்றிய சச்சரவு இதைவிடக் கூர்மையானது. சகோதரிகள் அணிந்த சிலுவையில் லத்தீன் வாசகம் இருந்தது. தனக்கு அது சமஸ்கிருதத்தில் இருக்கட்டும் என்றார் ரமாபாய். தானும் தன் நாட்டுப் பெண்களும் அறியாத மொழி எதற்கு? சமஸ்கிருதம் மட்டுமே தேவபாஷை என்று பிராமணர்கள் சொல்வதுபோல நீங்கள் லத்தீனைச் சொல்கிறீர்களா என்று கேட்டார். (சமஸ்கிருதமும் அவர் நாட்டுப் பெண்களில் எத்தனை பேருக்குத் தெரியும் என்று நாம் கேட்கலாம். அவரும் பின்னால் அந்த இடத்துக்கு வந்து சேர்ந்தார்.)

திரித்துவம், கன்னிப் பிறப்பு போன்ற கோட்பாடுகளைச் சபை சொல்கிறது என்பதற்காக ஏற்க முடியாது என்றும், அவற்றை மகளுக்குச் சொல்லிக்கொடுப்பதைத் தானே முடிவு செய்வேன் என்றும் வாதாடினார். கீழ்ப்படி, கேள்வி கேட்காதே என்பதே ஜெரால்டினிடமிருந்து திரும்பத் திரும்ப வந்த அறிவுரை. 1885 மே மாதக் கடிதமொன்றில் ரமாபாய் தனக்கென மனசாட்சியும் புத்தியும் தீர்மானிக்கும் திறனும் உண்டு என்கிறார். இந்தியப் புரோகிதர்களின் நுகத்தைச் சிரமப்பட்டுக் கழற்றியவள், இன்னொரு நுகத்துக்குக் கழுத்தை நீட்டுவதாக இல்லை என்கிறார். இதை எழுதியவர் விசுவாசத்தை விட்டுப் போகவில்லை, மடத்துக்கு அடங்கவும் இல்லை. அவருடைய விடாமுயற்சியின் நடுநரம்பு எனக்குத் தெரிவது இங்கேதான். அடிக்கிற கணவனோடு குடும்பம் நடத்துவதைச் சிலுவை சுமப்பது என்று பெண்ணிடம் சொல்கிற சபைகள் இன்றும் இருக்கின்றன. அந்தச் சபைகளில் ரமாபாயைச் சகிப்பின் உதாரணமாக மட்டும் காட்டுவது யாருக்கு வசதி?

ஜெரால்டினை வெறும் வில்லியாக்கவும் எனக்கு மனமில்லை. ரமாபாய் மாமிசம் தொட மறுத்தபோது அது சாதிப் பெருமை என்று ஜெரால்டின் கடிந்துகொண்டார். இந்துக்கள் நடுவே வாழவரும் ஓர் ஆங்கிலப் பெண் தன் பழக்கத்தை மாற்றாவிட்டால் அவளை அகந்தைக்காரி என்பீர்களா என்று ரமாபாய் திருப்பிக் கேட்டார். காலனியத்துக்கு எதிரான வாதமாக அது சரியானது. ஆனால் உணவு நம் ஊரில் வெறும் பழக்கமல்ல. தன் முன்னோரின் வழக்கங்களை முடிந்தவரை காப்பாற்றுகிறேன் என்று ஒரு சித்பாவனப் பெண் சொல்லும்போது அந்த ‘முன்னோர்’ யார், யாரைச் சமையலறைக்கு வெளியே நிறுத்தியவர்கள் என்ற கேள்வி எழத்தானே செய்யும்? ஜெரால்டின் தவறான காரணத்துக்காகச் சரியான இடத்தில் விரல் வைத்துவிட்டார். 1887இல் அமெரிக்காவில் வெளியான ரமாபாயின் புகழ்பெற்ற நூலின் தலைப்பிலேயே ‘உயர்சாதி இந்துப் பெண்’தான் இருக்கிறாள். 1889 மார்ச்சில் பம்பாயில் தொடங்கிய சாரதா சதனிலும் விதவைகள் சாதி ஆசாரத்தோடு சமைத்து உண்ண இடம் இருந்தது.

சதன் மறு ஆண்டு பூனாவுக்கு மாறியது. 1893இல் வெடித்த விவகாரம் எல்லோரும் சொல்வதுதான் என்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். பாஸ்டனில் அமைந்த ரமாபாய் சங்கத்தின் பணத்தில் நடந்த விடுதி அது. மதப் பிரசாரம் கூடாது என்பது ஏற்பாடு. ரமாபாய் யாரையும் வற்புறுத்தவில்லை. தான் ஜெபிக்கும்போது அறைக்கதவைச் சாத்த மாட்டேன் என்றார், அவ்வளவுதான். சில பெண்கள் வந்து உட்கார்ந்தார்கள். ரானடேயும் பண்டார்கரும் ஆலோசனைக் குழுவிலிருந்து விலகினார்கள், பல பெண்களை வீட்டார் அழைத்துப் போனார்கள். விதவைக்குப் படிப்புக் கொடுக்கலாம், அவள் எதை நம்புவது என்று அவளே முடிவெடுப்பது மட்டும் கூடாது என்பதில் வைதிகருக்கும் சீர்திருத்தக்காரருக்கும் அன்று பெரிய வேறுபாடு இருக்கவில்லை. அவர் மதம் மாறியதைப் பற்றிய கூச்சல் எழுந்த காலத்திலேயே, 1885இல், ‘சத்சார்’ இதழில் அவருக்காகப் பேசியவர் ஜோதிராவ் புலே. அதைச் சபை மேடைகளில் கேட்ட ஞாபகம் எனக்கில்லை.

அரசோடும் மோதினார். 1897இல் பூனாவில் கொள்ளைநோய் பரவியபோது, மருத்துவமனைகளிலும் தனிமைப்படுத்தும் முகாம்களிலும் பெண்கள் நடத்தப்பட்ட விதத்தைக் கண்டித்துப் பத்திரிகைக்கு எழுதினார். பிரிட்டிஷ் நாடாளுமன்றம் வரை போன கடிதம் அது. பம்பாய் கவர்னர் மறுத்தார். வெள்ளைக்காரர் மதத்தில் சேர்ந்தவர் வெள்ளைக்காரர் ஆட்சியைக் குற்றம் சொன்னால் அவரை எந்த அணியில் வைப்பது? இருபதாம் நூற்றாண்டின் தேசிய வரலாறு அவரை எந்த அணியிலும் வைக்காமல் மறந்தது. உமா சக்ரவர்த்தி 1998இல் எழுதிய நூல் அந்த மறதியை விரிவாக ஆராய்கிறது. சபை அவரை மறக்கவில்லை, பாதியாக நினைவில் வைத்தது என்பதையும் அதோடு சேர்த்துக்கொள்ள வேண்டும்.

அவரை உண்மையில் மாற்றியது பஞ்சம் என்று நினைக்கிறேன். பெற்றோரைச் சென்னை மாகாணத்துப் பஞ்சத்தில் சாகக் கொடுத்து, பட்டினியோடு நாடு முழுக்க நடந்தவர் அவர். 1896–97இல் மத்திய மாகாணங்களில் பஞ்சம் வந்தபோது நேரில் போய்ச் சுமார் 300 பெண்களையும் சிறுமிகளையும் கூட்டிவந்தார். பூனாவுக்கு அருகே கேட்காவில் முக்தி உருவானது. வந்தவர்கள் எல்லாச் சாதியினர். ஆசாரச் சமையலறைக்கு அங்கே இடமில்லை. சில ஆண்டுகளில் எண்ணிக்கை ஆயிரத்தைத் தாண்டியது. ஃபுல்ஹாமில் பார்த்த வேலையை நினைவூட்டும் கிருபா சதனும் அங்கே எழும்பியது. ‘உயர்சாதிப் பெண்’ணுக்காகத் தொடங்கிய ஊழியம், பசித்தவள் எவளோ அவளுக்காக என்று மாறிய இடம் இது. முன்பு பேராயர்களிடம் விட்டுக்கொடுக்காதவர், இங்கே தன்னிடமிருந்ததையே விட்டார். இரண்டாவது கடினமானது என்பது என் கருத்து.

கடைசிப் பதினைந்து சொச்சம் ஆண்டுகளை வேதாகமத்தை மராத்தியில் மொழிபெயர்ப்பதில் செலவிட்டார். அதற்காக எபிரேயமும் கிரேக்கமும் கற்றார். புழக்கத்திலிருந்த மொழிபெயர்ப்பில் சமஸ்கிருதம் மிகுந்திருப்பதாகவும், எழுத்தறியத் தொடங்கிய கிராமத்துப் பெண்ணுக்கு அது எட்டாது என்றும் நினைத்தார். சிலுவையில் சமஸ்கிருதம் கேட்ட அதே ரமாபாய்தான். எழுத்துக் கோத்ததும் அச்சடித்ததும் முக்தியின் பெண்கள். 1921இல் மகள் மனோரமா இறந்தார். அடுத்த ஆண்டு ஏப்ரல் 5 அன்று ரமாபாயும் போனார்.

இங்கிலாந்துத் திருச்சபையின் நாட்காட்டியில் இன்று அவருக்கு ஒரு நாள் உண்டு, ஏப்ரல் 30. ஞானஸ்நானத்தில் வைத்த மேரி என்ற பெயரோடு, வேதாகம மொழிபெயர்ப்பாளர் என்று குறித்திருக்கிறார்கள். இளைஞர்களுக்கு மொழி கற்பிக்கக்கூடாது என்று பேராயர்கள் அவரைத் தடுத்துச் சுமார் 110 ஆண்டுகள் கழித்து, 1994இல்தான் அந்தச் சபையில் முதல் பெண்கள் குருமாராக அபிஷேகம் பெற்றார்கள்.