‘முதல் ஆசிரியர்’: நாம் வாசிக்கத் தயங்கும் ஒரு கதை

சிங்கிஸ் ஐத்மாத்தவ் எழுதிய ‘முதல் ஆசிரியர்’ குறுநாவலை ஆண்டு 11 மாணவி ஒருத்திக்கு வாசிக்கக் கொடுத்தேன். மூன்றாம் நாள் அவளுடைய வாப்பா புத்தகத்தோடு பாடசாலைக்கு வந்துவிட்டார். நமுனுகுல பஸாரில் சிறு கடை வைத்திருப்பவர். “சேர், இதில வகுப்புச் சுவரில லெனின்ட படம் தொங்குது. தீனை வேணாம் என்ட ஆக்கள்ட கதை. எங்கட புள்ளைகளுக்கு இது தேவையா?” என்றார். கோபமாகக் கேட்கவில்லை, கவலையோடுதான் கேட்டார். அன்று அரை மணி நேரத்தில் அவருக்குச் சொல்லி முடிக்க முடியாததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

1962இல் வெளிவந்த இக்கதை 1920களின் கிர்கிஸ் மலைக்கிராமம் ஒன்றில் நடக்கிறது. துய்ஷேன் என்ற இளைஞன் முத்திரை குத்திய ஒரு கடிதத்தோடு ஊருக்கு வருகிறான். குன்றின் மேல் பாழடைந்து கிடந்த குதிரைலாயத்தைத் தானே செப்பனிட்டுப் பள்ளிக்கூடமாக்குகிறான். அவனுக்கே எழுத்து அரைகுறைதான். பனிக்காலத்தில் சின்னப் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடையைக் கடக்கிறான், ஊரார் சிரிக்கிறார்கள். அல்தினாய் என்ற அநாதைச் சிறுமி, வீட்டு அடுப்புக்காகப் பொறுக்கிய சாண வரட்டியை யாரும் காணாமல் பள்ளி வாசலில் கொட்டிவிட்டுப் போகிறாள். குளிர்காலத்தில் வகுப்பு சூடாக இருக்கட்டும் என்பதற்காக.

மலைநாட்டில் படிப்பிக்கிற எவருக்கும் இந்த இடம் அந்நியமாகத் தெரியாது. தோட்டப் பள்ளிகளை 1970களில் அரசு பொறுப்பேற்கும் முன்னர், ஒரே ஆசிரியர் எல்லா வகுப்பையும் ஒரே அறையில் வைத்துச் சமாளித்த காலத்தைக் கண்ட பெரியவர்கள் இன்னும் இங்கே இருக்கிறார்கள். விறகுக்குப் போகும் வழியில் வகுப்பை எட்டிப் பார்த்த பிள்ளைகளைப் பற்றி அவர்கள் சொல்வார்கள். மாஸ்கோவின் முன்னேற்றப் பதிப்பகம் போன்றவை மலிவு விலையில் அனுப்பிய ருஷ்ய, சோவியத் நூல்களில் இத்தகைய கதைகள் நம்மவர் மனதில் ஒட்டிக்கொண்டதற்கு அரசியல் மட்டும் காரணமில்லை.

ஆனால் அந்த வாப்பாவின் கவலையைத் தட்டிவிட முடியாது. துய்ஷேன் வரும்வரை அந்த மக்களிடம் இருட்டைத் தவிர வேறொன்றும் இருக்கவில்லை என்ற எண்ணத்தைக் கதை வாசகனிடம் விட்டுச் செல்கிறது. வரலாறு அப்படிச் சொல்லவில்லை. கிரிமியாவின் பக்சிசராயில் இஸ்மாயில் கஸ்பிரின்ஸ்கி 1883இல் ‘தர்ஜுமான்’ பத்திரிகையைத் தொடங்கினார். மக்தபுகளில் புதிய முறையில் எழுத்துக் கற்பிக்க வேண்டும், பெண் பிள்ளைகளும் படிக்க வேண்டும் என்று அவர் எழுப்பிய குரல் ருஷ்யப் பேரரசின் முஸ்லிம் பகுதிகளெங்கும் பரவி மத்திய ஆசியா வரை சென்றது. அதற்கு ஓராண்டு முன்னர், 1882இல், கண்டியில் அறிஞர் சித்திலெப்பை ‘முஸ்லிம் நேசன்’ தொடங்கியதை நாம் அறிவோம். ஒருவரை ஒருவர் கண்டிராத இருவர், ஏறத்தாழ ஒரே காலத்தில், ஒரே கவலையோடு பேனா எடுத்திருக்கிறார்கள். அந்த மரபுக்குரிய இடம் ஐத்மாத்தவின் கதையில் இல்லை.

எழுத்தின் கதை இன்னும் கூர்மையானது. அந்த ஆண்டுகளில் கிர்கிஸ் மொழி அரபு எழுத்தில்தான் எழுதப்பட்டது. 1924 நவம்பரில் வந்த முதல் கிர்கிஸ் பத்திரிகை ‘எர்கின் தோ’வும் அரபு எழுத்தில்தான் அச்சாகியது. 1920களின் இறுதியில் லத்தீன் எழுத்து வந்தது. 1940களின் தொடக்கத்தில் அதுவும் போய் சிரிலிக் வந்தது. அக்காலத்து மாணவன் ஒருவன் முதலில் எழுதிய கொப்பியை அவனுடைய பிள்ளைகளால் எழுத்துக்கூட்டக்கூட முடியாது. என் வாப்பும்மாவின் அரபுத்தமிழ் மாலைக் கிதாபைக் கையில் வைத்துக்கொண்டு திணறும் எனக்கு இந்த வலி புரிகிறது. அங்கே அதை அரசு செய்தது. இங்கே ஒருவரும் கட்டளையிடவில்லை, நாமே கைவிட்டோம்.

ஐத்மாத்தவுக்கு இது தெரியாதா? அவருடைய தந்தை தோரெகுல், கிர்கிஸ் கம்யூனிஸ்டுகளின் முதல் தலைமுறையைச் சேர்ந்தவர். 1937இல் கைதாகி, 1938இல் சுட்டுக்கொல்லப்பட்டார். அப்போது மகனுக்கு வயது ஒன்பது. உடல் எங்கே கிடக்கிறது என்பது 1991இல்தான் தெரியவந்தது. அந்த மகன் 1980இல் எழுதிய நாவலில் ‘மன்குர்த்’ வருகிறான்: நினைவைப் பறிகொடுத்து, பெற்ற தாயையே அம்பெய்து கொல்லும் அடிமை. ‘முதல் ஆசிரியரை’ வாசிப்பவர் அந்த மன்குர்த்தையும் அருகில் வைத்து வாசிக்க வேண்டும். முதல் நூல் விட்ட இடைவெளியை இரண்டாவது நூல் ஓரளவு நிரப்புகிறது.

இங்கே நிறுத்திக்கொண்டால் நமக்கு வசதி. “பார்த்தீர்களா, நம்மை இருட்டாகக் காட்டிவிட்டார்கள்” என்று புத்தகத்தை மூடிவிடலாம். ஆனால் அல்தினாய் நம்மை மூட விடமாட்டாள். அவளுடைய சாச்சி, பதினைந்து வயது மதிக்கத்தக்க அவளை ஒருவனுக்கு இரண்டாம் தாரமாக விற்றுவிடுகிறாள். தடுக்கப்போன துய்ஷேன் அடிபட்டு இரத்தத்தில் விழுகிறான். பிறகு பொலிஸோடு போய் மீட்டுவருகிறான். தாஷ்கந்துக்குப் படிக்க அனுப்புகிறான். இந்தப் பகுதியைப் பிரசாரம் என்று தள்ளிவைக்க எனக்கு மனம் வரவில்லை.

கன்ஸா பின்த் கிதாம் (ரலி) தம் தந்தை தம் விருப்பத்துக்கு மாறாக மணமுடித்து வைத்ததாக முறையிட்டபோது, நபி (ஸல்) அவர்கள் அந்தத் திருமணத்தை ரத்துச் செய்தார்கள். ஸஹீஹுல் புகாரியில் இருக்கிறது. ஆகவே அல்தினாயைக் காப்பாற்ற வேண்டிய நியாயம் நம் கிதாபுகளுக்குள்ளேயே இருந்தது. ஐத்மாத்தவ் அதைக் காணவில்லை என்பது அவர் நூலின் குறை. அதைக் கையில் வைத்திருந்தவர்கள் அவள் வீட்டு வாசலுக்குப் போகவில்லை என்பது யாருடைய குறை? போனவன் எழுத்து அரைகுறையாகத் தெரிந்த ஒரு வாலிபன்.

நம் நாட்டின் 1951ஆம் ஆண்டு முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம் பெண்ணுக்குக் குறைந்தபட்ச வயதெல்லை இல்லாமலே எழுதப்பட்டது. 12 வயதுக்குக் குறைந்தவள் என்றால் மட்டும் காதியின் அனுமதி வேண்டும் என்றது. திருத்தம் பற்றி ஆராய 2009இல் நியமிக்கப்பட்ட சலீம் மர்சூப் குழு அறிக்கை கையளித்தபோது ஆண்டு 2018. அந்த ஒன்பது ஆண்டுகளில் ஒரு சிறுமி ஆண்டு 1இலிருந்து ஆண்டு 10க்கு வந்துவிடுவாள்.

கதையின் சிறந்த பகுதி அதன் சட்டகம். ஊரில் புதிய பள்ளிக்கூடம் திறக்கிறார்கள். கல்விமானாகிவிட்ட அல்தினாய் பிரதம அதிதி. துய்ஷேன் இப்போது கிழட்டுத் தபால்காரன். விழாவுக்கு வந்த வாழ்த்துத் தந்திகளைக் கொடுத்துவிட்டு வெளியே போய்விடுகிறான். உள்ளே அவனுடைய பழைய பள்ளிக்கூடத்தைச் சொல்லிச் சிரிக்கிறார்கள். அல்தினாய் வெட்கத்தில் எழும்பிப் போகிறாள். புரட்சியைப் புகழ வந்த கதை, அந்தப் புரட்சி வளர்த்த ஊரையே குற்றக்கூண்டில் ஏற்றுகிறது. இதைப் பிரசாரகன் எழுதமாட்டான்.

எனக்கு இந்தப் புத்தகத்தைத் தந்தவர், கடைக்காரர் பிள்ளைகளையும் லயத்துப் பிள்ளைகளையும் ஒரே வாங்கில் இருத்திப் படிப்பித்த தமிழாசிரியர். அவர் படிப்பித்த பாடசாலையில் ஒரு விழா நடந்தபோது அவர் மேடையில் இல்லை, பின்வரிசையில் இருந்தார். மேடையில் இருந்தவர்களில் நானும் ஒருவன். எழும்பிப் போய் அவரைக் கூட்டிவர எனக்குத் துணிவு வரவில்லை.

அன்று அந்த வாப்பா எழும்பும்போது கதவடியில் நின்று கேட்டார்: “அந்தப் புள்ளைய கொண்டு போயிட்டாங்க என்ட இடத்தோட நான் நிப்பாட்டிட்டன். பொறகு அது படிச்சிச்சா சேர்?”

பதில் சொல்லாமல் புத்தகத்தை அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தேன்.