கண்ணீரும் கலைமதிப்பும்

நெதர்லாந்தில் பிறந்த மைக்கேல் டுடோக் டெ விட் 2000ஆம் ஆண்டில் ஆக்கிய ‘தந்தையும் மகளும்’ என்னும் ஓவியக் குறும்படம் உரையாடல் அற்றது. ஒன்பது மணித்துளிக்கும் குறைந்தது. 2001இல் ஆஸ்கார் பரிசு பெற்ற அப்படத்தைக் கண்டு அழுதோர் பலர். மலிவான உருக்கத்துக்கும் கண்ணீர் வருமாதலால், இவ்வழுகை எதனால் விளைந்தது என்பது ஆராய்தற்குரியது.

தந்தை மகளைத் தழுவிவிட்டுப் படகேறிப் போகிறார், மீளவில்லை. மகள் சிறுமியாய், குமரியாய், தாயாய், மூதாட்டியாய் அதே கரைக்கு மிதிவண்டியில் வந்து வந்து திரும்புகிறாள்.

அழுகைக்குத் தொல்காப்பியர் கூறும் இளிவு, இழவு, அசைவு, வறுமை என்னும் நான்கனுள் இஃது இழவின்பாற்படும். மெய்ப்பாடு பெரும்பாலும் முகத்தாற் புலப்படுவது. இங்கோ மாந்தர் நிழலுருவாய்ச் சிறுத்து நிற்க, முகம் தெளிவாகத் தெரிவதில்லை. எதிர்காற்றில் மிதிக்கும் உழைப்பும், முதுமையில் நிறுத்த நிறுத்தச் சாயும் வண்டியுமே துயரைக் காட்டுகின்றன.

முடிவில், நீர் வற்றிய நிலத்திற் புதைந்த படகிற் படுக்கும் மூதாட்டி, எழுந்து ஓடுகையில் இளமையுற்றுத் தந்தையைத் தழுவுகிறாள். இதனைச் சாவு என்பார் சிலர். கனவு என்பார் சிலர். இன்ப முடிவென மகிழ்வாரும் உளர். மூன்றற்கும் படம் இடந்தருகிறது. தந்தை பிரிந்த காரணத்தையும் அது கூறவில்லை. கூறாது விட்ட இடத்தில் காண்போர் தத்தம் இழவை வைத்து நோக்குகின்றனர். அழுகை அங்கே பிறக்கிறது. அழுமாறு வற்புறுத்தாமையே இப்படத்தின் சிறப்பு.

இதனை மாணவர்க்குக் காட்டும் ஆசிரியர், பொருள் விளக்கப் புகுமுன் சற்று வாளா இருத்தல் நன்று.